பனந்தோப்பில் இரண்டு முழுக்கைச் சட்டைகள்

வைகாசி வெயிலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், திருத்தணி பஸ் ஸ்டாண்டில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிப் பட்டன் போட்டுக்கொண்டு நின்றவர் எங்கள் நைனா ஒருவர்தான். சுற்றி நின்ற மொட்டைத் தலைகள் எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு குளுகுளுவென்று இருந்தன. நைனாவுக்கோ முதுகெல்லாம் நனைந்து, சட்டை இரண்டு நிறமாகியிருந்தது.

"கையையாவது மடிச்சி வுடுங்க" என்றாள் அம்மா.

"அதுக்கு நீயே போயி பஸ் ஸ்டாண்டு மைக்ல சொல்லிட்டு வந்துடேன்" என்றார் நைனா.

சட்டைக் கைக்கு அடியில் ஒரு கயிறு இருந்தது. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். மலைக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு முருகன் கோயில் உண்டு. அங்கிருக்கும் பூசாரி மஞ்சள் கயிற்றில் ஒரு கறுப்பு மணியைக் கோத்து வலது மணிக்கட்டில் கட்டுவார். எந்த நாள் வரைக்கும் என்று கேட்டு, சாமி முன்னால் சத்தியம் வாங்கிக்கொள்வார். ஆடிக் கிருத்திகை வரை என்று நைனா சத்தியம் செய்திருந்தார். நடுவில் ஒரு சொட்டு உள்ளே போனாலும் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் என்று பூசாரி சொல்லி அனுப்பியிருந்தார். நைனாவுக்குச் சாமி பயம் சுமார்தான். வாய் பயம்தான் அதிகம். அடிவாரத்தில் தேங்காய் பழத் தட்டு விற்கிறவர் அவர். வாய் கோணிக்கொண்டால் யாரை எப்படிக் கூப்பிட்டு வியாபாரம் செய்வார்?

நான் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அம்மா இந்தக் கயிற்றுக்காகக் கெஞ்சியிருக்கிறாள். "ஆவட்டும், பாக்கலாம்" என்பார் நைனா. சாயங்காலம் கடையை மூடுவார். அப்புறம் தெருமுனையில் அவருடைய பாட்டு கேட்கும், பாட்டுக்குப் பின்னால் அவர் வருவார். கடைசியில், என் தங்கைக்கு நல்ல இடம் அமைந்தால் கயிறு கட்டுகிறேன் என்று அவராகவே வேண்டிக்கொண்டார். மாசியில் கல்யாணம் முடிந்தது, பங்குனியில் கட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினார். அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

தங்கையைக் கொடுத்தது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிக்கு அருகில் ஒரு கிராமத்தில். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் நைனாவும் சம்பந்தியும் ஒதுங்கி நட்பை வளர்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் ஒருவரையொருவர் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்த இரண்டு பாவாக்களின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. உறவுக்காரர் ஒருவர் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார், பாவம். அவரைப் பார்த்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மொடாக் குடிகாரன்தான் பாவா கயிறு கட்டுவான். நம்மளுக்கு இன்னாத்துக்கு? விசேஷத்துக்கு ஒரு வாய், அதோட சரி" என்றார் நைனா.

"கரெக்டா சொன்ன பாவா" என்று சம்பந்தி தோளில் தட்டினார்.

அந்தப் பேச்சு இப்போது வட்டியோடு திரும்பி வந்திருந்தது. கள் இறக்குவதற்குத் தமிழ்நாட்டில் தடை. எல்லையைத் தாண்டினால் தோப்பிலேயே கடை. குடும்பத்தோடு போய் பனைமரத்தடியில் உட்கார்ந்து கள் குடித்து, நாட்டுக்கோழிக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிட்டுவிட்டு வருவது அவர்கள் பக்கத்தில் சாதாரணம். களியை அவர்கள் சங்கடி என்பார்கள். புதுச் சம்பந்தியை அப்படி ஒரு தடவை தோப்பில் உட்காரவைத்து உபசரித்தால்தான் கல்யாணம் முழுசாக முடிந்த மாதிரி. சம்பந்தி போன் செய்து ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"குடிச்சா சாமி குத்தம், குடிக்கலன்னா சம்பந்தி குத்தம்" என்று நைனா வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கயிற்றைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். பஜாரில் ப்ளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன், எதையும் சுருக்கமாகக் கத்தரித்துப் பேசித்தான் பழக்கம்.

"கயிற காட்டினா இன்னா அர்த்தம்? எம்மாம் குடிச்சிருந்தா இந்தாளு கயிறு கட்டியிருப்பான்னு அர்த்தம். எம்பொண்ணு அந்த வூட்ல இருக்குதும்மா. நாளைக்கு எவனாவது 'குடிகாரன் பொண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அது எங்க போயி அழும்? சரி, தொடாம வந்தா? 'உங்க நைனா எங்க தோப்புல கை நனைக்கல'ன்னு சொல்லுவாங்க. அப்பவும் அதுதான் அழும்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான் என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

நகரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் வழி கண்டுபிடித்தார். மனிதர் வீட்டுக் குழாய் ஒழுகினால் கண்டுகொள்ள மாட்டார், இதுமாதிரி விஷயத்தில் மட்டும் மூளை பிரமாதமாக வேலை செய்யும்.

"மாமா, கயிறு கட்டினது தமிழ்நாட்டுல. தோப்பு கீறது ஆந்திராவுல. செல்லாது."

"முருகனுக்கு பார்டர் கீதா மாப்ளே? ஆடிக் கிருத்திகைக்குப் பாதிக் காவடி அங்கேருந்துதான் வந்துகினு கீது" என்றார் நைனா.

வீட்டுக்காரர் விடவில்லை. "அப்ப இப்படி வெச்சிக்கலாம். கொழந்தைக்கு வேண்டிக்கினா அதுக்கு பதிலா அப்பன் மொட்டை அடிச்சிக்கிறான். சாமி ஒத்துக்குது. அதுமாரி உங்களுக்கு ஊத்தறத உங்களுக்கு பதிலா நான் குடிக்கிறேன். நீங்க வாய்கிட்ட கொண்டுபோனா போதும், மீதிய நான் பாத்துக்கிறேன்."

"எல்லாத்தையுமா?" என்று கேட்டேன்.

"உங்க குடும்பத்துக்காகத்தான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு தியாகம்.

அம்மா மட்டும் மடியில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக வந்தாள்.

தோப்பில் எங்களுக்காகத் தனிக் கொட்டகை பிடித்து வைத்திருந்தார்கள். கீற்று வேய்ந்த நிழல், தரையில் பெரிய பாய், பின்னால் விறகடுப்பில் கோழி கொதிக்கும் வாசனை. புது மாப்பிள்ளை ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். தங்கை அவித்த வேர்க்கடலையை மென்றுகொண்டு, எழுந்திருக்காமலேயே கையை ஆட்டினாள். அவளுடைய மாமியார் அம்மாவை 'வதினா' என்று, அதாவது அண்ணி என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். சம்பந்தி கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன்.

நான் தையல்காரி. ஒரு மனிதரைப் பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது கைதான். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் அரைக்கைச் சட்டையோடு வந்தவர், இந்த அனலில் ஏன் முழுக்கை? அதுவும் ஒரு பட்டன் அறுந்துபோன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். எனக்குச் சுருக்கென்று பட்டது. அம்மாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"கையில எதையோ மறைக்கிறாரும்மா. பச்ச குத்தியிருக்காரு. யார் பேரோ. பொண்டாட்டி பேரா இருந்தா எதுக்கு மறைக்கணும்?"

"நீ பேசாம இருக்க மாட்டியா?" என்றாள் அம்மா. ஆனால் அதற்கப்புறம் அவளும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கள் வந்தது. பானையிலிருந்து ஊற்றுவது தம்ளரில் அல்ல, பனையோலையைப் படகு மாதிரி மடித்துக் கட்டிய பட்டையில். இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. அதைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சாய்ந்துவிடும். ஒருமுறை கையில் வாங்கிவிட்டால் அதை ஏந்திக்கொண்டே இருக்கலாம், அல்லது குடிக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. இதை எங்கள் திட்டத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. அதோடு, பெண் வீட்டுப் பெரியவர் முதல் பட்டையைக் காலி செய்தால்தான் இலை போடுவார்கள் என்று மாப்பிள்ளை வெட்கத்தோடு சொன்னான்.

"குடி பாவா" என்றார் சம்பந்தி.

"நீங்க குடிங்க பாவா" என்றார் நைனா.

"நீதான் மொதல்ல."

"சேர்ந்தே குடிப்போம்."

இரண்டு பேரும் பட்டையை ஏந்திக்கொண்டு, தீபாராதனைத் தட்டுக்கு முன்னால் நிற்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கோழி வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பசி காதை அடைத்தது.

திடீரென்று நைனா தலையை உயர்த்தினார். "பாவா, அது நகரி மலைதான? மூக்கு மாதிரியே கீதே."

சம்பந்தி திரும்பி மலையைப் பார்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் நைனாவின் பட்டை என் வீட்டுக்காரர் வாயில் இருந்தது. பாதி உள்ளே போனது, மீதி மீசையில். சம்பந்தி இந்தப் பக்கம் திரும்பியபோது நைனா காலிப் பட்டையை ஏந்திக்கொண்டு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் பாவா."

"ஆங், அப்படியா? அதே மலைய இந்தப் பக்கமா பாத்தா இன்னும் நல்லாருக்கும், பாரு" என்றார் சம்பந்தி. நைனா மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது சம்பந்தியின் பட்டையும் காலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, அதாவது தங்கையின் மாமியார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. பச்சை குத்திய பெயர் என்னவாக இருக்கும் என்பதிலேயே நான் குறியாக இருந்தேன்.

அதற்கப்புறம் அந்த மலையை அவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மலையில் மரம் இருக்கிறதா, மேலே கோயில் இருக்கிறதா, மேகம் வருகிறதா, மழை வருமா. பிறந்ததிலிருந்து அதன் அடியிலேயே வாழ்கிற சம்பந்தி அன்றைக்குத்தான் அதை முதல்முறை பார்க்கிறவர் மாதிரி வியந்தார். ஒவ்வொரு வியப்புக்கும் ஒரு பட்டை காலியானது. மாப்பிள்ளை சளைக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தான். தங்கை கடலைத் தோலை ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டு, கிரிக்கெட் பார்க்கிற மாதிரி இவரையும் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை போட்ட நேரத்தில் என் வீட்டுக்காரர் பனைமரத்தில் சாய்ந்து, அந்த மரத்திடம் தன் ஜவுளிக் கடைக்கு வரும் லுங்கிகளின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தை, கணவர் பங்கையும் தன் பங்கையும் குடித்த பிறகும் ஆடாமல் அசையாமல், கோழியைத் துண்டு பார்த்துப் பரிமாறினார். கண் மட்டும் கொஞ்சம் பளபளத்தது, பேச்சு கொஞ்சம் தாராளமாகியிருந்தது. குடிப்பது என்றால் அப்படிக் குடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சங்கடி உருண்டை சூடாக வந்து விழுந்தது. நடுவில் குழித்துக் குழம்பை ஊற்றினார்கள். நிலக்கடலை அரைத்து ஊற்றிய அந்தக் குழம்பு, எண்ணெய் மினுமினுக்க, கையில் நிற்காது. உருண்டையைக் கிள்ளித் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனால் முழங்கை வரை வழியும். அரைக்கை போட்டவர்கள் எல்லாம் நக்கிக்கொண்டார்கள். முழுக்கை போட்ட இரண்டு பேருக்கும் சட்டைக் கையில் சிவப்பாக ஏறியது. ஒருவரும் மடிக்கவில்லை. நைனா விரலை மட்டும் நீட்டி, முழங்கையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார். சம்பந்தி கையை இலையிலேயே படுக்கவைத்துவிட்டு வாயைக் கீழே கொண்டுவந்தார்.

அதைப் பார்த்ததும் அத்தைக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "யோவ், கைய மடி."

"இருக்கட்டும்."

"இன்னா இருக்கட்டும்? வெள்ளச் சட்டயில கோழிக் கொழம்பு. தொவைக்கிறது யாரு, உங்க நைனாவா?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஊக்கு எங்கேயோ தெறித்தது. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் ஒரே சுருட்டாகச் சுருட்டிவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். பச்சையும் இல்லை, பெயரும் இல்லை. மஞ்சள் கயிறு. அதில் கறுப்பு மணி. வேப்பமரத்தடிப் பூசாரி போடுகிற அதே முடிச்சு.

எல்லோருடைய கையும் இலையிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் மரத்திடம் சாயம் போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நைனா மெதுவாகத் தன் பட்டனைக் கழற்றி, கையை மடித்து, சம்பந்தியின் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். இரண்டு கயிற்றிலும் குழம்பு ஏறியிருந்தது.

"எதுவரைக்கும் பாவா?" என்றார் நைனா.

"ஆடிக் கிருத்திகை."

"எனக்கும் அதான்."

"அப்ப எதுக்கு பாவா குடி குடின்னு என்ன போட்டு இந்தப் பாடு படுத்தின?" என்றார் சம்பந்தி.

"நானா? நீங்கதான கூப்டீங்க?"

"நீ பெரிய குடிகாரன்னு எனக்குத் தெரியும் பாவா. ஊத்தலன்னா கோச்சிக்குவியேன்னு பயந்துட்டேன்" என்றார் சம்பந்தி.

நைனாவின் முகம் செத்துவிட்டது. கல்யாணப் பேச்சிலிருந்து இந்தக் காலைவரை மறைத்துக் காத்தது எல்லாம் போயிற்று என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. "யாரு சொன்னா?" என்றார்.

சம்பந்தி குழம்புக் கையாலேயே என் தங்கையைக் காட்டினார். "இதுதான். வந்த மறுவாரம் நான் நல்லா ஏத்திக்கினு வந்து வாசல்ல வுழுந்துட்டேன். காலைல காப்பி கொண்டாந்து வெச்சிட்டு சொல்லிச்சு. 'மாமா, எங்க நைனாவும் இப்படித்தான் வாசல்ல கெடப்பாரு. நீங்களும் கெடந்தா நான் எந்த வூட்ல இருக்கேன்னே எனக்குத் தெரியாது'ன்னு. வேற ஒண்ணும் சொல்லல. நான் அன்னிக்கே பஸ் ஏறி உங்க ஊருக்கு வந்து கட்டிக்கினு போனேன். இது கேட்டு இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல பாவா."

நைனா களி உருண்டையைப் பார்த்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாத பெண். அவள் ஒரு வார்த்தை கேட்டதற்காக அந்த வீட்டுப் பெரியவர் கயிறு கட்டியிருக்கிறார். நைனா எதற்குப் பயந்தாரோ அது அந்த வீட்டில் நடக்காது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேர் கயிறும் உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"ஆங். அம்மா போன்ல சொல்லிச்சு."

"அப்ப சொல்றதுக்கு இன்னாடி?"

"எங்கிட்ட யாரு கேட்டா? எம்மாம் நேரந்தான் மலையப் பாப்பாங்கன்னு நானும் பாத்துகினு இருந்தேன்" என்று ஈரல் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் ஒரு அறை விட்டிருப்பேன். சம்பந்தி வீடு என்று விட்டேன்.

அப்போதுதான் அம்மா பேசினாள். பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த குரல் அது.

"அது ஒரு தரம் கேட்டுச்சு, அவரு கட்டிக்கினாரு. நான் கேட்டப்பல்லாம் உங்களுக்குக் கையே இல்லையாக்கும்."

நைனா களியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். சம்பந்தியும் தன் கோழித் துண்டில் ஏதோ தேட ஆரம்பித்தார். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர் மடியில் கிடந்த காலிப் பட்டையை எடுத்து உதறினாள். இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு நைனாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வதினா, நீங்களா?" என்றார் அத்தை, சந்தோஷமாக.

"எனக்கு யாரும் கயிறு கட்டலியே" என்றாள் அம்மா. அப்புறம் நைனாவைப் பார்த்து, "ஊத்துங்க" என்றாள்.

மாப்பிள்ளை பானையை எடுக்க எழுந்தான். அத்தை அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். நைனா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, பானையைத் தூக்கி, கயிறு கட்டிய கையால் அணைத்துச் சாய்த்தார். கள் பட்டையில் பாதியும் அம்மாவின் புடவையில் பாதியுமாக விழுந்தது.

"கை ஆடாம ஊத்துங்க" என்றாள் அம்மா.